இடம் மட்டும் கேட்காதீர்கள்

ஐப்பசி பிறந்து, மழை ஒரு சுற்று கொட்டி ஓய்ந்து, பாகூர் ஏரியிலும் ஊசுட்டேரியிலும் தண்ணீர் ஏறி நிற்கிற நாட்களில், நம் புதுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களுக்கு இரண்டு வகை விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். இமயத்துக்கு அப்பாலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகிற பறவைகள் ஒரு வகை. தலையில் தொப்பியும் கழுத்தில் பைனாகுலருமாக அந்தப் பறவைகளைப் பார்க்க வருகிற மனிதர்கள் இன்னொரு வகை. பறவைகளைப் பற்றி வழவழத் தாளில் படம் போட்டு நிறையப் புத்தகங்கள் வந்துவிட்டன. மனிதர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. இது நியாயமா?

இவர்களுக்குள்ளும் ரகங்கள் உண்டு. மழைத்தண்ணீர்க் குழாய் பருமனுக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போட்ட பிறகுதான், பார்த்தது எது என்று தெரிந்துகொள்கிறவர் உண்டு. நீங்கள் எதைக் காட்டினாலும் "அது ஆண் இல்லைங்க, பெண்ணு" என்று திருத்துகிறவர் உண்டு. பறவைக்காக அல்ல, திரும்பும்போது ஓட்டலில் சாப்பிடுகிற பூரிக்கிழங்குக்காகவே விடியுமுன் எழுந்து வருகிறவரும் உண்டு. அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. நான் சொல்ல வந்தது வேறொரு ரகத்தை. அபூர்வமானவர்போல் நடந்துகொள்வார், ஆனால் தடுக்கி விழுந்தால் அவர்மேல்தான் விழவேண்டும், அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அவர்தான் இடம் சொல்லாதவர்.

காலையில் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழும். அருமையான பறவை, கண்ணில் விழுந்திருக்கிற வெளிச்சப் புள்ளிகூடத் தெரியும். கீழே, 'இன்றைய தரிசனம்' என்று இரண்டே சொற்கள். எங்கே சார் என்று யாராவது கேட்டால், பதிலாகக் கைகூப்புகிற பொம்மை ஒன்று வரும். விடாமல் கேட்டால், "கொஞ்சம் சென்சிட்டிவான இடம் சார், கூட்டம் சேர்ந்தா பறவைக்குத் தொந்தரவு" என்பார். பறவைக்குத் தொந்தரவு கூடாது என்பதில் அவர் அத்தனை கண்டிப்பு. அவர் ஒருவரே தினமும் போய் வேண்டிய தொந்தரவைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

சரி, யாரும் கேட்கவில்லையென்றால்? அங்கேதான் வேடிக்கை. மதியம்வரை பொறுத்துப் பார்ப்பார். ஒருவரும் சீண்டவில்லை என்றதும், 'இடத்தைக் கேட்டு யாரும் சங்கடப்படுத்த வேண்டாம்' என்று தானே ஒரு செய்தி போடுவார். மறைத்து வைப்பது மட்டும் அவருக்குப் போதாது. மறைத்து வைத்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்தாக வேண்டும்.

மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையை ஒட்டிப் பெயிண்ட் கடை வைத்திருக்கிற தணிகைவேலையே எடுத்துக்கொள்ளுங்களேன். பூர்வீகம் பாகூர். நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற குடும்பம். மூலக்குளத்தில் மழைக்காளான்போல வீடுகள் எழும்பிய காலத்தில், இத்தனை சுவருக்கும் யாராவது பெயிண்ட் விற்றுத்தானே ஆகவேண்டும் என்று யோசித்து, நிலத்தைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுக் கடை போட்டவர். நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கு ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாகக் கையை நீட்டுவார். கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். பறவை பார்த்த இடத்தைக் கேட்டால் மட்டும் அவர் காது அடைத்துக்கொள்ளும்.

அவருடைய கூட்டாளி ஜெயசீலன். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. ஜெயசீலன் வில்லியனூர்க்காரர், பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளைகளை இந்தக் கோடியிலிருந்து விசில் இல்லாமலே ஓட வைத்த தொண்டை அவருடையது. மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ரகசியம் என்றால் என்ன என்றும் தெரியாது. ஒரு மீன்கொத்தியைப் பார்த்தால் போதும். எந்த ஊர், எந்த மதகு, வண்டியை எங்கே நிறுத்தலாம், பக்கத்து டீக்கடையில் மெதுவடை நன்றாக இருக்குமா மசால்வடையா என்பதுவரை குழுவில் வாய்ஸ் மெசேஜாகப் போட்டுவிடுவார்.

இப்படி ஒருவரும் அப்படி ஒருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். ஓட்டைப் பானைக்கும் மூடிக்கும் உள்ள பொருத்தம். வருஷக்கணக்காக ஒரே பைக்கில் போய் வருகிறார்கள். பறவை கண்ணில் பட்டதும் தணிகைவேல் வாயைத் திறக்கமாட்டார். முழங்கையால் ஜெயசீலன் விலாவில் ஓர் இடி இடிப்பார். "வயிறு பிஸ்கட் கலரு, ரெக்கை ஸ்மோக் கிரே" என்று கடைப் பாஷையில் முணுமுணுப்பார். ஜெயசீலன் "எங்கடா?" என்று கத்துவார். பறவை போய்விடும்.

ஜெயசீலனுக்கு ஓர் ஆசை உண்டு. பட்டைத்தலை வாத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தலையில் கறுப்பாய் இரண்டு பட்டை, இமயமலைக்கு மேலாகவே பறந்து வருகிற வாத்து. நம் பக்கம் எப்போதோ வரும். அது ஊசுட்டேரிக்கு வந்த வருஷமெல்லாம் இவருக்கு ஸ்போர்ட்ஸ் டே வந்தது, மச்சினி கல்யாணம் வந்தது, அம்மை வந்தது. போன வருஷம் வாத்து வந்தபோது இவரும் ஏரிக்கரையில்தான் இருந்தார். ஆனால் கண்ணில் புரை. பைனாகுலர் வழியாகப் பார்த்தால் ஏரி முழுக்கப் பால் ஊற்றிவைத்ததுபோல இருந்ததாம். இந்தப் புரட்டாசியில் கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. மனைவி ரோஸ்லின் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் கிடந்தவர் தினமும் தணிகைவேலுக்குப் போன் போட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று: "இந்த வாட்டி அந்த வாத்தப் பாத்துடணும்டா."

கார்த்திகை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை, காட்டேரிக்குப்பத்தில் வீடு கட்டுகிற ஒருவருக்குப் பெயிண்ட் மாதிரி அட்டை காட்டப் போனார் தணிகைவேல். திரும்பும்போது, ஆள் நடமாட்டமில்லாத ஒரு சின்ன ஏரியின் கரையில் பைக்கை நிறுத்தினார். எதற்காக நிறுத்தினார் என்பது நமக்குத் தேவையில்லை. நிறுத்தின இடத்தில், தண்ணீர் ஓரத்துப் புல்லில், நாலைந்து பட்டைத்தலை வாத்துகள் ஆடு மேய்கிறாற்போல மேய்ந்துகொண்டிருந்தன.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. படம் எடுத்தார். எப்படி எடுத்தார் தெரியுமா? கரை தெரியாமல், மரம் தெரியாமல், தண்ணீர்கூடத் தெரியாமல், வாத்தின் தலையும் கழுத்தும் மட்டும். ரேஷன் கார்டில் ஒட்டிவிடலாம், அப்படி ஒரு படம். குழுவில் போட்டார். 'தரிசனம்.'

கடைக்கு வந்து உட்கார்ந்தாரோ இல்லையோ, வாசலில் ஜெயசீலன்.

"டேய் தணிகை! எங்கடா பாத்த?"

கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் மட்டுமல்ல, சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெல்லப் பேசுப்பா."

"மெல்லத்தாண்டா பேசறேன். எங்க? சொல்லு, இப்பவே போலாம்."

தணிகைவேல் மனசுக்குள் ஒரு கணம் நல்ல மனிதர் எழுந்து நின்றார். சொல்லிவிடு என்றார். உடனே இன்னொருவர் எழுந்து அவரைத் தோளில் அமுக்கி உட்கார வைத்தார். இவனிடம் சொல்வதும் ஒன்று, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் ஏறி நின்று சொல்வதும் ஒன்று. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, அந்த ஏரிக்கரையில் கார் நிறுத்த இடமிருக்காது. பிறகு அது யாருடைய வாத்து?

"குருவிநத்தம் பக்கம்பா" என்றது வாய்.

காட்டேரிக்குப்பம் வடமேற்கு மூலை. குருவிநத்தம் தெற்கே, தென்பெண்ணைக் கரை. நம் ஊருக்குள் இதற்குமேல் தள்ளி ஒரு பொய்யைச் சொல்ல முடியாது. சொன்னால் அது கடலூரில் போய் விழும். ஆனால் பொய்க்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள், ஊர்ப் பெயரிலேயே குருவி உட்கார்ந்திருக்கிறது. யாருக்குச் சந்தேகம் வரும்?

"ஆத்தோரமா கரும்புக் கொல்லைங்க இருக்குல்ல, அதுக்கு நடுவுல ஒரு பள்ளம். மழைத் தண்ணி நிக்கிது. அங்கதான்" என்று, இல்லாத பள்ளத்தை வெட்டி அதில் தண்ணீரும் நிரப்பினார் தணிகைவேல்.

அன்று சாயங்காலத்துக்குள் பள்ளம் குழு முழுக்கப் பரவிவிட்டது. குழுவை நடத்துகிற அர்ச்சனா, வில்லியனூரில் வங்கியில் வேலை பார்க்கிற பெண், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குருவிநத்தம் போகிறோம் என்று அறிவித்தாள். "தணிகைவேல் சார் முதல் முறையாக இடம் சொல்லியிருக்கிறார்!" என்று பூங்கொத்துப் படம் வேறு. தணிகைவேல் அவசரமாக, அன்று உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து என்று பதில் போட்டார்.

இதைப் பக்கத்திலிருந்து பார்த்த மனைவி புவனேஸ்வரி கேட்டாள்.

"யார் வூட்ல காதுகுத்து?"

"சும்மா இரு."

"கண்ண ஆபரேஷன் பண்ணிக்கினு அந்த மனுசன் ஆசையாக் கேக்கறாரு. அவருகிட்டயுமா பொய் சொல்லுவீங்க?"

"உனக்குத் தெரியாது. கூட்டம் சேந்தா பறவைக்குத் தொந்தரவு."

"இமயமலையத் தாண்டி வந்த வாத்துன்றீங்க. ஜெயசீலன் அண்ணனத் தாங்காதா அது?"

 இப்படி மாட்டிக்கொள்ளும்போது கணவன்மார்கள் செய்வதைச் செய்தார் தணிகைவேல். தண்ணீர் மோட்டார் போட மறந்துவிட்டது என்று எழுந்து போனார்.

ஞாயிறு விடிந்தது. கார்களும் பைக்குகளுமாகக் குழு தெற்கே போனது. தணிகைவேல் தனியாக வடமேற்கே போனார். காட்டேரிக்குப்பத்து ஏரிக்கரையில், கருவேலம் புதருக்குள், சேற்றில் குந்தி உட்கார்ந்தார். வாத்துகள் இருந்தன. மேய்ந்தபடியே இவர் பக்கமாக நெருங்கி வந்தன. பைனாகுலரே வேண்டாம் என்கிற தூரம். இப்படி ஒரு காட்சி வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் உண்டு.

ஒரு வாத்து தலையை நிமிர்த்தி நேராக அவரைப் பார்த்தது. ஆனந்தத்தில் தணிகைவேல் வழக்கம்போல முழங்கையால் ஓங்கி ஓர் இடி இடித்தார். அங்கே ஜெயசீலன் விலா இல்லை. கருவேலம் முள் இருந்தது.

முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவர் வாத்துகளைப் பார்த்தார். அழகாகத்தான் இருந்தன. ஆனால் முன்னிருந்த ருசி இல்லை. "கழுத்துப் பின்னால காப்பிக்கொட்டை கலரு" என்று சொன்னார். யாரும் "எங்கடா?" என்று கத்தவில்லை. இதே நேரத்தில் அந்த மனுஷன், புதுக் கண்ணை வைத்துக்கொண்டு, இல்லாத பள்ளத்தைத் தேடிக் கரும்புக் கொல்லையில் வரப்பு வரப்பாக இடறிக்கொண்டிருப்பான் என்று நினைத்து, பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்தார்.

அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிரத் தொடங்கியது. ஒரு செய்தி. இன்னொன்று. பிறகு நிற்காமல் அதிர்ந்தது. திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வேண்டியதுதான். நெடுநேரம் பையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் எடுத்துப் பார்த்தார்.

முதல் படத்தில் குருவிநத்தத்துக் கரும்புக் கொல்லை. அதற்கு மேலே கரண்டுக் கம்பி. கம்பி தெரியாத அளவுக்கு அதில் வரிசையாக வல்லூறுகள். அடுத்தது வீடியோ. வானம் முழுக்க அவை சுழன்றன. ராத்திரி மழையில் ஈரமான வரப்புகளிலிருந்து ஈசல் கிளம்பியிருக்க, பறந்தபடியே காலால் பிடித்துப் பறந்தபடியே தின்றன. பின்னாலிருந்து அர்ச்சனாவின் குரல் நடுங்கியது. "அமூர் வல்லூறு! ஆப்பிரிக்காவுக்குப் போற கூட்டம்! நம்ம ஊர்ல இறங்கியிருக்கு!"

பிறகு ஜெயசீலனின் வாய்ஸ் மெசேஜ். புதருக்குள் அது வெடித்ததும் வாத்துகள் நாலடி தள்ளிப் போயின.

"டேய் தணிகை! டேய்! எண்ண முடியலடா! கண்ணு ரெண்டும் பத்தலடா! இதுக்குத்தான வாத்துன்னு சொல்லி எங்கள வரவெச்ச? அர்ச்சனா சொல்லுது, சாரு சர்ப்ரைஸ் குடுத்திருக்காருன்னு. நா சொன்னேன், எங்க தணிகை அப்பிடித்தாம்மான்னு. உன்னாலதாண்டா. நீ நல்லா இருக்கணும்!" அதற்குப் பிறகு சொல் எதுவும் இல்லை. பெரிய ஆண்பிள்ளை ஒருவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

தணிகைவேல் எழுந்தார். வாத்துகளுக்குத் தொந்தரவாகுமே என்றெல்லாம் பார்க்கவில்லை. புதரைக் கிழித்துக்கொண்டு ஓடிப் பைக்கை எடுத்தார். அமூர் வல்லூறை அவர் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் இறங்கிவிட்டுக் கடல் தாண்டப் போய்விடுகிற பறவை. வில்லியனூரில் ரயில் போகக் காத்திருந்தபோது அவர் அந்த ரயிலைத் திட்டிய திட்டை நான் எழுத முடியாது. பாகூரில் தம்பி கைகாட்டிக் கூப்பிட்டதைக் கவனிக்கவில்லை. கன்னியக்கோயில் பக்கம் போகிற பஸ்ஸை முந்தப்போய்ப் பள்ளத்தில் இறங்கி ஏறினார். ஒருவழியாகக் குருவிநத்தம் போய்ச் சேர்ந்தபோது கரண்டுக் கம்பி மட்டும் இருந்தது.

ஆற்றங்கரையில் குழு பொட்டலம் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தது. அவரைக் கண்டதும் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

"இப்பத்தான் சார் மேல ஏறிக் கெளம்பிச்சுங்க" என்றாள் அர்ச்சனா. "நீங்க நேத்தே பாத்திருப்பீங்களே. நேத்து இன்னும் நிறைய இருந்துச்சா?"

கேள்வியைப் பாருங்கள். பார்க்கவே இல்லை என்றால் எல்லாம் வெளியே வரும். பார்த்தேன் என்றால் ஒன்றும் வராது.

"நேத்து இதவிட ஜாஸ்தி" என்றார் தணிகைவேல்.

"காதுகுத்துலேந்து வர்றியா? வேட்டிலாம் சேறு, கையில ரத்தம்" என்றார் ஜெயசீலன்.

"பந்தல் போட்ட எடம் பள்ளம்பா."

எல்லாரும் தத்தம் போனில் வீடியோவை அவரிடம் நீட்டினார்கள். அவருக்கோ பிடுங்கிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் நேற்றே நேரில் பார்த்தவன் எப்படிப் பிடுங்குவான்? ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ம், ஆமாம், இப்பிடித்தான்" என்றார். மதியம் வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டவரைப் பார்த்து, "காதுகுத்து வீடியோவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் புவனேஸ்வரி.

இதோடு விட்டார்களா? மார்கழியில் வில்லியனூரில் ஒரு மண்டபத்தில் குழுவின் கூட்டம் நடந்தது. தணிகைவேலுக்குச் சால்வை. "தான் கண்டதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் கொடுத்தவர்" என்று அர்ச்சனா மைக்கில் சொன்னாள். பேசச் சொன்னார்கள். தணிகைவேல் எழுந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அது நூற்றுக்கு நூறு உண்மையும்கூட. ஆனால் சால்வை தோளில் விழுந்தபிறகு உண்மை எங்கே வரும்?

"பறவை எல்லாருக்கும் பொது" என்று ஆரம்பித்தார். "இடத்தை மறைக்கிறவன் பறவையையே மறைக்கிறவன்" என்றார். கைதட்டல். அது தந்த வேகத்தில், "அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே இருந்தால் திருந்த வேண்டும்" என்றார். அவர்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும் என்பது பேச்சில் தெரிந்தது. முன்வரிசையில் எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது ஜெயசீலன்.

கூட்டம் முடிந்து பைக்கில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயசீலன் சொன்னார். "அந்த வாத்துதான் இந்த வாட்டியும் எனக்குக் கெடைக்கல. பரவால்ல வுடு. நீ பாத்தல்ல? நா பாத்த மாதிரிதான்."

அடித்திருந்தால் தாங்கியிருப்பார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். இதற்கு என்ன செய்வது? அன்றைக்குத் தணிகைவேலுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் ஜெயசீலன் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"ஏறுப்பா."

"எங்கடா? இன்னிக்கு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவணும். ரோஸ்லின் பொடவை கட்டிக்கினு நிக்கிது."

"சாயங்காலம் போயிக்கலாம். ஏறு."

ரோஸ்லின் தனியாகக் கோயிலுக்குப் போனாள். இவர்கள் காட்டேரிக்குப்பம் போனார்கள். கரையில் ஏறியதும் தணிகைவேல் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டினார். புல்லில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஜெயசீலன் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "டேய், தலையில பட்டை தெரியிது. ரெண்டு பட்டையும் தெரியிதுடா" என்றார். பிறகு மெதுவாகப் பைனாகுலரை இறக்கினார். பி.டி. மாஸ்டர்தான், ஆனாலும் கணக்குப் போடத் தெரிந்தவர்.

"நீ மொதல்ல பாத்தது இங்கதானா?"

"ஆமாம்பா."

"குருவிநத்தத்துல?"

"நா இந்த வருஷம் அங்க போனதேயில்ல. அன்னிக்கு உங்களப் பாக்க வந்ததுதான்."

"அந்த வல்லூறு?"

"எனக்குத் தெரியவே தெரியாது."

ஜெயசீலன் கத்துவார் என்று எதிர்பார்த்தார் தணிகைவேல். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெயசீலன் மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி இத்தனை வருஷத்தில் தணிகைவேல் கேட்டதில்லை.

"கண்ண அறுத்துக்கினு வந்து கேட்டேனேடா உன்ன. வல்லூறு வரலன்னா, நா அந்தக் கொல்லையில பகல் பூரா சுத்தியிருப்பேன். சுத்திட்டு, தணிகை பொய் சொல்லமாட்டான், எங்கண்ணுதான் சரியில்லன்னு நெனச்சிக்கினு வூட்டுக்குப் போயிருப்பேன். இல்ல?"

தணிகைவேல் தரையைப் பார்த்தார். "தப்புதாம்பா. சொல்லிட்டா எனக்குன்னு ஒண்ணும் இருக்காதுன்னு தோணிச்சு. தனியா வந்து உக்காந்தும் பாத்தேன். நல்லாவே இல்ல."

ஜெயசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கரையின் சரிவில் போய் உட்கார்ந்தார். தணிகைவேல் போய்ப் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல், பைக் ரிப்பேர் பார்க்கிறவர்போல அதன் சங்கிலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.  வாத்துகள் 'ஆங், ஆங்' என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின. வெயில் அவற்றின்மேல் விழுந்தது.

"அங்க இன்னாடா நோண்டற? வந்து பாரு" என்றார் ஜெயசீலன்.

தணிகைவேல் ஓடிப்போய் உட்கார்ந்தார். இருவரும் பார்த்தார்கள். அப்போது ஜெயசீலன் போன் அடித்தது. அர்ச்சனா. தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது கதை. இன்னும் ஒரு நிமிஷத்தில் ஏரி, கரை, கருவேலம் புதர், வழியில் உள்ள டீக்கடை எல்லாம் குழுவுக்குப் போய்விடும். போகட்டும், பட்டுத்தான் தீரவேண்டும்.

"மாஸ்டர், எங்க இருக்கீங்க? இன்னிக்கு எங்கயாவது போறீங்களா?" என்றாள் அர்ச்சனா.

ஜெயசீலன் வாத்துகளைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தன. போனை வாயோடு ஒட்டிவைத்து, கையால் மறைத்துக்கொண்டு, குசுகுசுவென்று சொன்னார்.

"பூசையில இருக்கேம்மா. அப்பறம் பேசறேன்."

வாத்துகள் கலைந்துவிடக் கூடாதே என்று அடக்கிய குரல், கோயிலுக்குள் அடக்கிய குரல்போலவே இருந்தது. அர்ச்சனா பயந்துபோய், "சாரி மாஸ்டர், சாரி" என்று வைத்துவிட்டாள்.

தணிகைவேல் வாயைப் பிளந்தார். "டேய், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா..."

"நீ பேசாத" என்றார் ஜெயசீலன். கண்ணை வாத்திலிருந்து எடுக்கவில்லை. "சொன்னா எல்லாம் வந்துடுவாங்க. இன்னும் கொஞ்ச நாளு நாம மட்டும் பாப்பம்டா. சாமிகிட்ட நா பேசிக்கறேன்."

பாவமன்னிப்பு வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதை முழுக்க அவர் வாயால் கேட்டதுதான். தணிகைவேலின் முள்ளிலிருந்து புவனேஸ்வரி கேட்ட கேள்விவரை ஒன்று விடாமல், தெருவே கேட்கும்படி சொன்னார். காட்டேரிக்குப்பம் பக்கத்தில் ஏரிகள் பல உண்டே, எது என்று கேட்டேன். ரோஸ்லின் கூப்பிடுகிறாள் என்று உள்ளே போய்விட்டார். ரோஸ்லின் அப்போது மார்க்கெட்டில் இருந்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பெயிண்ட் கடைக்காரர், பி.டி. மாஸ்டர், ஒரு வாத்து, இதற்கா இத்தனை பொய் என்று நினைக்கிறீர்கள். நல்லது. போன தீபாவளிக்கு நீங்கள் கட்டிய புடவையை எங்கே எடுத்தது என்று அலுவலகத்தில் கேட்டபோது, "எங்க நாத்தனார் எடுத்துத் தந்தாங்க, எனக்குத் தெரியாது" என்றீர்களே, உங்களுக்கு நாத்தனார் உண்டா? முதுகுவலியைப் போக்கிய அந்த வைத்தியர் வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னீர்களே, போன வாரம் அவர் வீட்டு வாசலில் உங்கள் செருப்பு எப்படிக் கிடந்தது? உங்கள் மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியபோது, எந்த டியூஷன் என்று எதிர்வீட்டு உஷாராணி கேட்டார். "டியூஷனா? அவளே வூட்ல ஒக்காந்து படிச்சிக்கறா" என்றீர்கள். சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் பிள்ளையைப் பின்வாசல் வழியாகத்தானே அனுப்பினீர்கள்?

நான் உங்களைக் குறைசொல்ல வரவில்லை. என் வீட்டிலும் கணக்கில் தடுமாறுகிற பிள்ளை ஒன்று இருக்கிறது. அந்த டியூஷன் மாஸ்டர் வீடு எந்தத் தெருவில்? எனக்கு மட்டும் சொன்னால் போதும்.